மாடியில் பேனல் இருந்தும் இரவு முழுக்க இருட்டு: பேட்டரி எவ்வளவு வேண்டும், எப்படிச் சேர்ப்பது?

மாடிவெயில்

வணக்கம். எங்கள் மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. 375 வாட் பேனல் 8, ஆன்-கிரிட் இன்வெர்ட்டர். பேட்டரி கிடையாது.

போன வாரம் காற்றும் மழையுமாக அடித்ததில் இரவு எட்டு மணிக்குக் கரண்ட் போனது. அம்மாவுக்கு நுரையீரல் பிரச்சினை, இரவில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் போட்டுத்தான் தூங்குவார்கள். சிலிண்டர் ஒன்று வைத்திருந்ததால் அதற்கு மாற்றினேன். விடியும் வரை டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சிலிண்டர் மீட்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் மழை விட்டு நல்ல வெயில் வந்தது. சரி, இனி சோலார் ஓடும், மிஷினைப் போடலாம் என்று நினைத்தேன். ஓடவில்லை. இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. மதியம் கரண்ட் வந்த பிறகுதான் அதுவும் உயிர் பெற்றது.

மாட்டிக் கொடுத்தவர் இதை அன்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இன்னொரு முறை அப்படி ஓர் இரவு வரக்கூடாது. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கம்பியாள்

அக்கா, உங்கள் இன்வெர்ட்டர் பழுதில்லை. அது அப்படித்தான் நிற்க வேண்டும். ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தெருக் கம்பியில் வரும் மின்சாரத்தின் அலையைப் பார்த்து, அதோடு தாளம் சேர்த்துத்தான் ஓடும். அந்த அலை இல்லையென்றால் உடனே நின்றுவிடும். காரணம், கம்பம் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன். அவர் லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கை வைக்கும்போது உங்கள் மாடியிலிருந்து கரண்ட் போனால் என்ன ஆகும்? வீட்டுக் கரண்ட் தெரு மின்மாற்றி வழியாகத் தலைகீழாகப் போனால் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறிவிடும்.

கரண்ட் போனாலும் வீடு ஓட வேண்டுமென்றால் தெருக் கம்பியிலிருந்து வீட்டைப் பிரித்துவிட்டு, தானே அலையை உருவாக்கும் இன்வெர்ட்டர் வேண்டும். வெயில் ஒரு நொடி மேகத்தில் மறைந்தாலும் தாங்கிப் பிடிக்க அதற்குப் பின்னால் பேட்டரியும் வேண்டும்.

நிழல்தேடி

பேனல், பேட்டரி, தெருக் கரண்ட் மூன்றையும் சேர்த்து ஓட்டும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் ஒரு 5 யூனிட் லித்தியம் பேட்டரியும் போட்டுவிடுங்கள், முடிந்தது. எங்கள் வீட்டில் அதுதான்.

பழையகை

அவசரப்பட வேண்டாம். நிழல்தேடி வீட்டில் மூச்சுக் கருவி இல்லை, இவர் வீட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே அளவைச் சொல்லக்கூடாது.

சகோதரி, முதலில் ஒரு பிளக் வாட்மீட்டர் வாங்குங்கள் அல்லது யாரிடமாவது இரவல் கேளுங்கள். சுவர் சாக்கெட்டில் அதைச் செருகி, கருவியை அதில் செருகினால் எத்தனை வாட், எத்தனை யூனிட் என்று காட்டும். கான்சென்ட்ரேட்டரை ஓர் இரவு, பிரிட்ஜை முழுதாக 24 மணி நேரம் அளந்து பாருங்கள். லேபிளில் அச்சடித்திருப்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பிரிட்ஜ் கம்ப்ரஸர் விட்டு விட்டு ஓடுவது, லேபிளைப் பார்த்தால் தெரியாது. பேன் பழைய மாடலா, பி.எல்.டி.சி.யா என்பதும் முக்கியம். பழையது 75 வாட் இழுக்கும் இடத்தில் புதியது 30 வாட்டில் அதே காற்றைத் தரும்.

கரண்ட் போனால் எவையெல்லாம் கட்டாயம் ஓட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஏ.சி., கீசர், அயர்ன் பாக்ஸ் மூன்றும் அந்தத் தாளில் இருக்கவே கூடாது.

மாடிவெயில்

நான்கு நாள் அளந்தேன். இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும் எழுதுகிறேன்.

கான்சென்ட்ரேட்டர் 320 வாட். ஒன்பது மணி நேரத்துக்கு 2.88 யூனிட். பிரிட்ஜ் முழு நாளுக்கு 1.1 யூனிட் காட்டியது, இரவுப் பங்கு 0.4 என்று வைத்துக்கொள்கிறேன். பேன் இரண்டு, இரண்டையும் பி.எல்.டி.சி.க்கு மாற்றிவிட்டேன், 0.54. விளக்கு, ரவுட்டர், செல்போன் சார்ஜ் எல்லாம் சேர்த்துக் கால் யூனிட். கூட்டினால் ஏறத்தாழ 4.1 யூனிட்.

அப்படியானால் 5 யூனிட் பேட்டரி போதும்தானே?

பழையகை

அளந்ததற்கு நன்றி. பாதிப் பேர் இந்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள்.

5 யூனிட் போதாது. பேட்டரியிலிருந்து வருவதை இன்வெர்ட்டர் மாற்றித் தரும்போது பத்தில் ஒரு பங்கு சூடாகப் போகும். 4.1 வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்து 4.5 எடுக்க வேண்டும். அப்புறம் இன்வெர்ட்டர் சும்மா விழித்திருக்கவே கரண்ட் தின்னும். 5 கிலோவாட் மிஷின் என்றால் 40 வாட் போடுங்கள், ஒன்பது மணி நேரத்துக்கு 0.36. ஆக 4.9 ஆகிவிட்டது. 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் மொத்தமே 5.12 யூனிட்தான் இருக்கிறது. அதையும் அடிவரைக்கும் வழித்து எடுக்கக்கூடாது.

இதெல்லாம் ஓர் இரவுக் கணக்கு. நீங்கள் எழுதியது எட்டு மணிக்குப் போய் மறுநாள் மதியம் வந்த கரண்ட். அந்த மாதிரி நாளில் மறுநாளும் மேகமாகவே இருந்தால் உங்கள் 3 கிலோவாட் பேனல் வெயில் நாளில் தரும் 12 யூனிட் எங்கே, அன்று தரும் இரண்டு மூன்று எங்கே! கனத்த மேகத்தில் அதுவும் வராது. கரண்ட் அதிகம் போவதும் அந்த நாட்களில்தான். அதனால் இந்த வீட்டுக்கு இரண்டு பேட்டரி, 10.24 யூனிட். இதில் நான் குறைக்க மாட்டேன்.

பிரிட்ஜைப் பற்றி ஒன்று. கதவைத் திறக்காமல் வைத்தால் கரண்ட் இல்லாமலே நான்கு மணி நேரம் குளிர் தாங்கும். பேட்டரி இறங்கினால் முதலில் அதைத்தான் அணைக்க வேண்டும்.

தணல்

எல்லோரும் லித்தியம் லித்தியம் என்கிறீர்கள். டியூபுலர் லெட்-ஆசிட் பேட்டரியைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? என் வீட்டில் ஆறு வருடமாக ஓடுகிறது. டிஸ்டில்டு வாட்டர் பார்த்து ஊற்றினால் போதும். இன்னொரு விஷயம்: இது இறங்கும்போது வோல்ட் மெல்ல மெல்லக் குறையும். விளக்கு மங்கும், இன்வெர்ட்டர் கத்தும், நமக்குத் தெரிந்துவிடும். லித்தியத்தில் கடைசி வரைக்கும் எல்லாம் நன்றாக இருப்பதுபோல் காட்டிவிட்டு உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் மின்னணுச் சுற்று) சட்டென்று வெட்டிவிடும். மூச்சுக் கருவிக்கு அது ஆபத்தில்லையா?

பழையகை

நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. நாம் இங்கே பேசும் லித்தியம் பேட்டரி லித்தியம் பாஸ்பேட் வகை. அதன் வோல்ட் நடுவில் நீண்ட தூரம் மாறாமல் நிற்கும். 80 சதவீதத்துக்கும் 40 சதவீதத்துக்கும் வோல்ட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது. அதனால் வோல்ட்டைப் பார்த்து மீதியைச் சொல்ல முடியாது. உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று ஆம்பியரை எண்ணும் ஷன்ட் மீட்டர் வேண்டும், அல்லது பி.எம்.எஸ். அந்தக் கணக்கை இன்வெர்ட்டருக்குச் சொல்ல வேண்டும். 30 சதவீதத்தில் அலாரம் வைத்துவிட்டால் நீங்கள் சொன்ன பயம் தீரும்.

ஆனால் இந்த வீட்டுக்கு லெட்-ஆசிட் ஏன் சரிவராது என்று கணக்கைப் பாருங்கள். பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்றால் 4.9 எடுக்க 10 யூனிட் இருக்க வேண்டும். 12 வோல்ட் 150 ஆம்பியர்-அவர் ஒன்றில் 1.8 இருக்கிறது. ஆறு போதும்போலத் தெரியும், ஆனால் 48 வோல்ட்டுக்கு நான்கு நான்காகத்தான் சேர்க்க முடியும். ஆக எட்டு. ஒன்று ஐம்பது கிலோவுக்கு மேல்.

எடையைக்கூட விட்டுவிடலாம். நிரம்புகிற வேகம்தான் எனக்குப் பெரிய கவலை. லெட்-ஆசிட் 80 சதவீதம் வரை ஓரளவு வேகமாக வாங்கும். மீதியை மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத்தான் வாங்கும். சூரியன் நல்ல பலத்தோடு இருப்பது ஐந்து ஆறு மணி நேரம். தொடர்ந்து பல நாள் கரண்ட் போனால் பேட்டரி ஒரு நாளும் முழுதாக நிரம்பாது. நிரம்பாமல் கிடக்கும் தகட்டில் சல்பேட் படிந்து இறுகும், அப்புறம் அது திரும்பாது. லித்தியம் பாஸ்பேட்டுக்கு அரைகுறையாகக் கிடப்பது ஒரு பிரச்சினையே இல்லை.

எப்போதாவது ஒரு மணி நேரம் கரண்ட் போகும், மீதி நாளெல்லாம் தெருக் கரண்டிலேயே நிரம்பி நிற்கும் என்கிற வீட்டுக்கு லெட்-ஆசிட் இன்றைக்கும் நல்ல தேர்வுதான். தணல், உங்கள் வீடு அப்படிப்பட்டது என்று நினைக்கிறேன்.

தணல்

ஆமாம், எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போனதே இல்லை. இப்போது புரிகிறது.

இரவுப்பணி

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். வாடகை வீடு. மாடியில் எதுவும் மாட்ட முடியாது, பால்கனி உண்டு. ஒரு பேனும் ரவுட்டரும் லேப்டாப்பும் ஓடினால் போதும்.

கம்பியாள்

உங்களுக்கு 12.8 வோல்ட் 100 ஆம்பியர்-அவர் லித்தியம் ஒன்றே போதும், 1.28 யூனிட். தெருக் கரண்ட்போலவே சீரான அலை தரும் சின்ன ப்யூர் சைன்வேவ் இன்வெர்ட்டர், ஒரே ஒரு பேனல். பால்கனிக் கம்பியின் நிழல் பேனல்மேல் விழாமல் பாருங்கள். பேனலுக்குள் செல்கள் பொதுவாக மூன்று பகுதியாகக் கோத்திருக்கும். மெல்லிய நிழல் ஒரு பகுதியில் விழுந்தாலே அந்த மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வீடு மாறும்போது எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போகலாம்.

ஆற்றங்கரை

பேட்டரி அளவைப் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். நான் ஒயரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் என் வீடு எரிந்திருக்க வேண்டியது.

24 வோல்ட் செட்டை நானே மாட்டினேன். பேட்டரி ஒயரின் நுனியில் லக், அதாவது போல்ட்டில் மாட்டும் உலோக முனை, போட வேண்டும். அதை ஒயரோடு அழுத்திச் சேர்க்கும் கிரிம்பிங் கருவி இல்லை. கட்டிங் பிளேயரால் நசுக்கி, இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. சரி என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு நாள் மாலை தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் கருகும் வாசனை மெலிதாக வந்தது. எங்கிருந்து என்றே தெரியவில்லை. பேட்டரிப் பக்கம் குனிந்தபோதுதான் பார்த்தேன். சிவப்பு ஒயர் லக்குக்குள் நுழையும் இடத்தில் ஒரு விரற்கடை நீளத்துக்குப் பழுப்பாகி, தோல் சுருங்கி, உள்ளே செம்பு கறுத்துத் தெரிந்தது. புறங்கையை அருகே கொண்டு போனேன், தொடுவதற்கு முன்பே அனல் அடித்தது.

பிறகு அளந்தோம். அந்த ஒரு லக்கில் மட்டும் 5 மில்லி ஓம். ஒன்றுமே இல்லாத எண். ஆனால் 60 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரே புள்ளியில் 18 வாட் சூடு. ஒரு சின்ன சால்டரிங் அயர்னை மர அலமாரிக்குள் சொருகி வைத்து மறந்து போனதற்குச் சமம்.

சரியான டை வைத்த கிரிம்பிங் கருவி, செம்பு லக், போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று பேட்டரியோடு வந்த தாளில் போட்டிருக்கும் அளவு. மாட்டிய ஒரு வாரத்தில் ஒரு முறை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை முழு லோடில் வைத்து எல்லா இணைப்பையும் சூடு பாருங்கள்.

கம்பியாள்

ஆற்றங்கரை எழுதியதைப் படித்தவர்கள் 48 வோல்ட்டை ஏன் வற்புறுத்துகிறோம் என்றும் பாருங்கள். 1000 வாட் எடுக்க 12 வோல்ட்டில் 83 ஆம்பியர், 48 வோல்ட்டில் 21 ஆம்பியர். ஆம்பியர் நாலில் ஒரு பங்கானால் அதே ஒயரில் சூடு பதினாறில் ஒரு பங்கு.

என் தொழிலில் நான் தினமும் சண்டை போடும் மூன்று விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் கிடக்கும் ஏ.சி. பிரேக்கரை பேட்டரி லைனிலோ பேனல் லைனிலோ மாட்டாதீர்கள். 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடும், அந்தக் கணத்தில் பொறி அணையும். டி.சி.க்கு அந்தக் கணமே கிடையாது. சுவிட்ச் திறந்த பிறகும் பொறி பாலம்போல நின்று எரியும். டி.சி. என்று குறித்த பிரேக்கரும், பேட்டரிக்கு மிக அருகில் பியூஸும் வேண்டும். லித்தியம் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், அதை வெட்டக்கூடிய கிளாஸ்-டி (Class T) போன்ற பியூஸ் போடுங்கள். அதே காரணத்தால்தான் வெயில் நேரத்தில் லோடு ஓடும்போது பேனல் கனெக்டரைப் பிடுங்கக் கூடாது.

இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரைச் செய்து இன்வெர்ட்டரிலிருந்து சுவர் சாக்கெட்டுக்குக் கரண்ட் கொடுப்பதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். மெயினை அணைக்க மறந்தால் மேலே சொன்ன லைன்மேன் செத்துப் போவார். கையில் இருக்கும் பிளக்கின் பின்னிலேயே கரண்ட் இருக்கும், வீட்டுக் குழந்தையும் தொடலாம். தெருக் கரண்டும் இன்வெர்ட்டரும் ஒரே நேரத்தில் சேராமல் பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்று, அல்லது பேக்கப் லோடுகளுக்குத் தனி டி.பி. பாக்ஸ் (பிரேக்கர் பெட்டி). வேறு வழி இல்லை.

எர்த். இன்வெர்ட்டர் தனியாக ஓடும்போது நியூட்ரலும் எர்த்தும் ஓரிடத்தில் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கசிவுக்கு விழ வேண்டிய பிரேக்கர் விழாது. சில இன்வெர்ட்டர் தானே சேர்க்கும், சிலது சேர்க்காது. உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து இதை மட்டுமாவது சோதித்து வாங்குங்கள்.

மாடிவெயில்

எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டேன். இப்போது இன்வெர்ட்டர் பார்க்கிறேன். 5 கிலோவாட், 48 வோல்ட், ஒன்று மலிவாக இருக்கிறது. பேனல் உள்ளீடு அதிகபட்சம் 145 வோல்ட் என்று போட்டிருக்கிறது. என் பேனலின் பின்னால் திறந்த சுற்று வோல்ட் (எதுவும் மாட்டாதபோது வரும் வோல்ட்) 41 என்று இருக்கிறது. இது பொருந்துமா?

கம்பியாள்

அக்கா, அதை இப்போதிருக்கும் பேனல் லைனில் மாட்டினால் அன்றைக்கே போய்விடும். உங்கள் 8 பேனலும் ஒரே வரிசையில் கோத்திருக்கும். 8 பெருக்கல் 41, 328 வோல்ட். அந்த 41-ம் 25 டிகிரியில் அளந்தது. குளிரக் குளிர ஒரு டிகிரிக்கு 0.3 சதவீதம் போல ஏறும். விடியற்காலையில் 5 டிகிரி என்றால் 348 வோல்ட் வந்து நிற்கும். உள்ளீடு 500 வோல்ட் தாங்கும் ஹைபிரிட் எடுங்கள். பேனலில் ஒயரைத் தொடவே வேண்டாம், பழைய இன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை மாட்டினால் போதும்.

பழையகை

கூடவே கரண்ட் போனதும் எத்தனை மில்லிசெகண்டில் மாறுகிறது என்று பாருங்கள். 10 முதல் 20-க்குள் இருந்தால் கான்சென்ட்ரேட்டர் கவனிக்காது. பேட்டரியைப் படுக்கையறையிலும், மாடிப்படிக்கு அடியிலும், வெளியேறும் வழியிலும் வைக்க வேண்டாம். வெள்ளம் வரும் இடமென்றால் முழங்கால் உயரத்துக்கு மேல். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே குளிரும் இடமென்றால் அந்தக் குளிரில் லித்தியத்தைச் சார்ஜ் செய்யக்கூடாது, நல்ல பி.எம்.எஸ். தானே தடுக்கும்.

சிலிண்டரை எடுத்துவிடாதீர்கள். எவ்வளவு நல்ல இன்வெர்ட்டரும் ஒரு நாள் பழுதாகலாம். மருத்துவக் கருவி உள்ள வீடு என்று மின்சாரம் தருபவர்களிடம் எழுதிப் பதிந்து வைக்கும் வசதி பல நாடுகளில் உண்டு, அதையும் கேட்டு வையுங்கள்.

மாடிவெயில்
(ஆறு வாரம் கழித்து)

வேலை முடிந்தது. ஹைபிரிட் 5 கிலோவாட், லித்தியம் இரண்டு, பேக்கப்புக்குத் தனி டி.பி. பாக்ஸ். நியூட்ரல்-எர்த் சோதனையை எலக்ட்ரீஷியன் என் கண் முன்னாலேயே செய்து காட்டினார்.

நேற்று இரவு நானே மெயினை அணைத்தேன். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான். மணி ஒன்பது, பேட்டரி 96 சதவீதம். கான்சென்ட்ரேட்டரின் சத்தத்தில் ஒரு துளி மாற்றம் இல்லை, அலாரமும் அடிக்கவில்லை. அம்மா "அணைச்சிட்டியா?" என்று கேட்டார்கள். காலை ஆறு மணிக்கு 47 சதவீதம். கணக்குப் பார்த்தால் 5 யூனிட் போயிருக்கிறது. பழையகை சார் சொன்ன 4.9-க்கு இவ்வளவு பக்கத்தில் வரும் என்று நான் நினைக்கவில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. இரண்டு பேட்டரியும் சமமாகக் கொடுக்க வேண்டாமா? ஒன்று 7 ஆம்பியர், மற்றது 4 ஆம்பியர் என்று காட்டுகிறது.

ஆற்றங்கரை

ஒயர் நீளத்தைப் பாருங்கள். ஒன்று கிட்டே, ஒன்று தள்ளி இருக்கிறதா? இரண்டிலிருந்தும் பஸ்பாருக்கு (ஒயர்கள் வந்து சேரும் செம்புப் பட்டைக்கு) வரும் ஒயர் ஒரே நீளம், ஒரே தடிமனாக இருக்க வேண்டும். கிட்டே இருப்பதற்கு ஒயர் மிஞ்சினாலும் சுற்றி விடுங்கள், வெட்டாதீர்கள். குறைவாகக் கொடுக்கும் பேட்டரியின் லக்குகளையும் இறுக்கிப் பாருங்கள், முதலில் பிரேக்கரை அணைத்துவிட்டு.

மாடிவெயில்

ஆமாம், ஒன்றின் ஒயர் ஒன்றரை மடங்கு நீளம். எலக்ட்ரீஷியனை மறுபடி கூப்பிட்டு இரண்டையும் ஒரே அளவில் புதிதாகப் போட்டோம். தள்ளி இருந்த பேட்டரியின் நெகட்டிவ் போல்ட்டும் கால் சுற்று இறுகியது. இப்போது 5.6, 5.3.

முழு லோடு கொடுத்து அரை மணி நேரம் கழித்து எல்லா லக்கிலும் புறங்கையை வைத்துப் பார்த்தேன். எதுவும் சுடவில்லை. 30 சதவீத அலாரம் என் போனிலும் தம்பி போனிலும் வரும்படி வைத்திருக்கிறோம். எந்த சுவிட்சை எப்போது அணைக்க வேண்டும், சிலிண்டர் வால்வை எப்படித் திறப்பது என்று பெரிய எழுத்தில் எழுதி அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டியாயிற்று. நேற்று அம்மாவே ஒரு முறை வால்வைத் திறந்து மூடிப் பார்த்தார்கள்.